லிங்க் அனுப்பினால் போன்தான் வருகிறது

சேலத்துக்காரர்களிடம் பணம் இல்லாமல் இல்லை, கொடுக்க மனமில்லாமலும் இல்லை. ஆனால் புதுத் தொழிலுக்கு க்ரவுட்ஃபண்டிங், அதாவது இணையத்தில் பலரிடம் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் திரட்டுவது, என்று ஒரு லிங்க் அனுப்பிப் பாருங்கள், யாரும் தொடமாட்டார்கள்.

தெரிந்த பையன் ஒருவன் ஏற்காடு காப்பிக்கொட்டையை வறுக்க மிஷின் வாங்க இப்படித்தான் கிளம்பினான். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் அவன் பெரியப்பா உடனே போன் போட்டார். "ஏங் கண்ணு, ஊட்ல எதாச்சும் கஷ்டமா? எங்கிட்டக் கேட்டா தரமாட்டனா? ஊருக்கெல்லாம் எதுக்கு அனுப்புன?"

ஆஸ்பத்திரிச் செலவென்றால் முன்பின் தெரியாதவரும் கொடுப்பார். கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை என்றால் கேட்கவே வேண்டாம். வியாபாரத்துக்குப் பொதுவில் கேட்டால் மட்டும் அது கையேந்துவதாகிவிடுகிறது.

மண்டப வாசலில் மொய் மேசையைக் கவனித்திருப்பீர்கள். ஒருவர் எண்ணுவார், பக்கத்தில் இருப்பவர் முதலில் ஊரைக் கேட்டு எழுதுவார், அப்புறம்தான் பெயர், தொகை. அந்த நோட்டு பீரோவுக்குப் போய்விடும். கொடுத்தவர் வீட்டு விசேஷத்துக்குக் கிளம்பும்போது வெளியே வரும். பேராவூரணி, ஆலங்குடிப் பக்கம் மொய் விருந்து வைத்தே தொழிலுக்கு முதல் திரட்டுகிறார்கள். அதுவும் க்ரவுட்ஃபண்டிங்தானே, கணக்கோடு!

2009இல் அமெரிக்காவில் தொடங்கிய கிக்ஸ்டார்ட்டர் என்ற க்ரவுட்ஃபண்டிங் தளத்தில் ஆளைவிட யோசனைக்குத்தான் மதிப்பு என்பார்கள். நான் முழுசாக நம்பவில்லை. ஆம்ஸ்டர்டாமிலிருந்து நடந்த செல்லாபேண்ட் என்ற தளத்தை ஆராய்ந்தபோது, இசைக்கலைஞர்களுக்குப் பணம் போட்டவர்கள் சராசரியாக 5,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தார்கள். ஆனால் ஆரம்பத்தில் போட்டவர்களில் குடும்பமும் நண்பர்களுமே முக்கியம். அங்கேயும் போணி சொந்தபந்தம்தான்.

அதற்காக நம் முறையைத் தலையில் தூக்கிவைத்து ஆட எனக்கு மனமில்லை. மொய் நோட்டு பெரும்பாலும் உறவுக்குள், சாதிக்குள் சுற்றுகிறது. காலமெல்லாம் புருஷன் பெயரிலேயே மொய் எழுதிய பெண் தொழில் தொடங்கினால், அவள் பெயரில் எந்த வரவும் இல்லை. சேர்வராயன் மலையில் காப்பி பறிக்கும் மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்கு டவுனில் எந்தப் பெரியப்பா போன் போடுவார்? முகம் தெரியாதவர் பணம் இவர்களுக்குத்தான் முதலில் வேண்டும்.

என்னைக் கேட்டால், நன்கொடை என்று ஆரம்பிக்காதீர்கள். வறுக்கப்போகும் காப்பிக்கு முன்பணம் கேளுங்கள், ரசீது கொடுங்கள். கொலுசுக்கு அட்வான்ஸ் கொடுத்துப் பழகிய ஊர் இது, சங்கடப்படாது. பங்கு தருகிறேன் என்று மட்டும் வாட்ஸ்அப்பில் இறங்கிவிடாதீர்கள். 2013 கம்பெனிச் சட்டப்படி, தனிப்பட்ட முறையில் பங்கு வாங்கச் சொல்லி ஒரு நிதியாண்டில் 200 பேரிடம்தான் கேட்கலாம். நம் வீட்டுக் கல்யாணத்தில் முதல் பந்திக்கே அதைவிட அதிகம் பேர் உட்காருவார்கள்.