சப்ளையர் தவறாம்!

தன் பெயர் போட்டு விற்ற உணவு டப்பாவால் பலருக்கு வயிறு கெட்டதற்கு அந்தக் கடை நிறுவனம் விட்ட அறிக்கையை நானும் படித்தேன். அத்தனை பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்த பிறகு டப்பாக்களை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டு, கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறார்கள்: தவறு சப்ளையருடையது, அவரிடம் தரச் சான்றிதழ் இருந்தது. இருந்ததாம்! பிரேம் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள்.

டப்பா மேல் அச்சாகியிருந்தது யார் பெயர்? விற்கும்போது உங்கள் பெயர், வாந்தி எடுத்தால் மட்டும் சப்ளையர் பெயரா?

சான்றிதழின் லட்சணத்தையும் சொல்கிறேன். 2011-ல் அமெரிக்காவின் கொலராடோவில் ஒரு பண்ணையின் முலாம்பழத்தில் லிஸ்டீரியா கிருமி. 33 பேர் செத்துப்போனார்கள். அதே கோடையில்தான் அந்தப் பண்ணைக்கு ஆடிட், அதாவது தரச் சோதனை, நடந்து, நூற்றுக்கு 96 மார்க் கொடுத்திருந்தார்கள். அதற்கு முன்பு 2008-09-ல் நிலக்கடலை வெண்ணெயில் சால்மொனெல்லா கிருமி, 9 பேர் பலி. அந்தத் தொழிற்சாலையும் ஆடிட்டில் 'சுப்பீரியர்' என்ற உயர்ந்த மதிப்பீடு வாங்கியதுதான். பெரும்பாலும் ஆடிட்டர் தேதி சொல்லிவிட்டு வருகிறார், அவருக்குக் கூலி கொடுப்பதும் சப்ளையர்தான். மார்க் குறையுமா என்ன?

நான் மூன்று வருடம் ஒரு கடையின் பின்வாசலில் சரக்கு இறக்கி வாங்கும் வேலை பார்த்தவன். குளிர்வண்டியின் டிஸ்ப்ளே 4 டிகிரி காட்டும். வழியெல்லாம் குளிரூட்டியை அணைத்து டீசல் மிச்சம் பிடித்துவிட்டு, கடைசி அரை மணி நேரம் ஓடவிட்டால் வண்டிக்குள் காற்று குளிர்ந்துவிடும். பெட்டிக்குள் இருக்கும் பொருள் அவ்வளவு சீக்கிரம் குளிராது. ஒருநாள் இரண்டு பாக்கெட்டுகளுக்கு நடுவே தெர்மாமீட்டரைச் செருகிப் பார்த்தேன். 11 டிகிரி. மேனேஜரிடம் ஓடினேன். "அலமாரி காலியா கிடக்கு, இறக்கு. 4-னு எழுது" என்றார். எழுதினேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அடுத்த முறை லோடைத் திருப்பி அனுப்பினேன். மறுவாரம் என்னை டிராலி தள்ளப் போட்டார்கள்.

உடனே வருவார்கள்: "ஆயிரம் சப்ளையர்களை ஒரு கடை எப்படிக் கண்காணிக்கும்?" விலையைக் குறைக்கச் சொல்லிக் கழுத்தைப் பிடிக்க மட்டும் ஆயிரம் பேரும் கைக்கு எட்டுகிறார்களே, அது எப்படி? "வாங்கியவர் வீட்டில் வெளியே வைத்திருப்பார்." வைப்பார், சரி. ஒரே பேட்ச், அதாவது ஒரே தடவையில் தயாரித்த சரக்கு, வாங்கிய அத்தனை பேருமா சொல்லிவைத்துக்கொண்டு வெளியே வைத்தார்கள்? "விலை ஏறும்." ஏறும்தான், அதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

நான் ஒன்றும் அதிசயம் கேட்கவில்லை. சொல்லாமல் போய்ப் பாருங்கள். வண்டிக்குள் டேட்டா லாகர் வையுங்கள், வழியெல்லாம் என்ன சூடு இருந்தது என்று அது சொல்லும். சாம்பிள் எடுத்து நீங்களே சோதியுங்கள். எந்த பேட்ச் எங்கிருந்து வந்தது என்பதை உடனே எடுக்க முடிகிற மாதிரி வையுங்கள். ஒரு மாம்பழப் பாக்கெட் எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று தேட, அமெரிக்காவின் பெரிய கடை நிறுவனமான வால்மார்ட்டுக்கே முதலில் ஏழு நாள் பிடித்தது. பதிவு முறையை மாற்றிச் சோதித்தபோது 2.2 விநாடி. மனசு இருந்தால் முடியும். உங்களுக்கு எந்த பேட்ச் என்று சொல்லவே எத்தனை நாள் ஆயிற்று? அதுவரை அது விற்றுக்கொண்டுதானே இருந்தது?

நேற்று அந்தக் கடையில் கூட வேலை பார்த்த ஒருவர் இன்பாக்ஸில் கேட்டார்: "பழைய கோபத்தை இன்னும் விடலையா நீ?" விடவில்லைதான். அந்தப் பதிவேட்டில் இருக்கிற 4 என் கையெழுத்து. அந்த லோடை வாங்கிச் சாப்பிட்டவர்களுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை.