கேமராவுக்கு முன்னால் நின்றவர்கள்

அமெரிக்க அடிமை முறையைப் பற்றிய இத்தாலியப் படமான ‘குட்பை அங்கிள் டாம்’ ஞாயிற்றுக்கிழமை நமக்குத் திரையிடப்பட்டதைப் பற்றி ஏற்கெனவே வேண்டிய மட்டும் பேசியாகிவிட்டது என்பதால், நடந்ததை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. படம் முடிவதற்கு முன்பே நான் எழுந்து வந்தேன் என்பது உண்மைதான். அதற்காக, நிஜத்தின் சூடு தாங்காத மென்மனத்தார் உலக சினிமாவின் பக்கம் வராமல் இருப்பதே நல்லது என்று, பெயர் குறிப்பிடாமல், ஆனால் யாருக்கும் சந்தேகம் வராதபடி, ஒரு பதிவு எழுதப்பட்டது. பெயர் குறிப்பிடாத அந்த நாகரிகத்துக்கு நன்றி. அந்தப் பதிவுக்குச் சிரிப்புக் குறி போட்டவர்களில் என் வீட்டில் கை நனைத்தவர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்கும் நன்றி. நான் மென்மனத்தானா இல்லையா என்பது இங்கே ஒரு பொருட்டே அல்ல. கேட்டிருந்தால் காரணத்தை நேரிலேயே சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

நான் கேட்க விரும்புவது ஒன்றுதான். அடிமை முறையின் கொடுமையை அம்பலப்படுத்துவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு படம், அந்தக் கொடுமையைக் காட்டுவதற்காக யாரை, எந்த நிலையில், கேமராவுக்கு முன்னால் நிறுத்தியது? ‘குட்பை அங்கிள் டாம்’ படத்தில் நாம் பார்ப்பது உள்நாட்டுப் போருக்கு முந்தைய அமெரிக்கத் தெற்கு மாநிலங்களை. ஆனால் அந்த அடிமைகளாக நின்றவர்கள், நின்றவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும், நடித்தவர்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஹைட்டி நாட்டின் ஏழைகள். படம் வெளிவந்தது 1971இல். அதாவது, திரையில் தெரியும் உடல்கள் நூற்றைம்பது ஆண்டுப் பழைய உடல்கள் அல்ல. நம்மில் பலருடைய தாய் தந்தையர் வாழ்ந்த காலத்து மனிதர்களின் உடல்கள்.

ஹைட்டி எந்த நாடு என்பதை யோசித்துப் பாருங்கள். 1791இல் கரும்புத் தோட்டங்களில் கிளர்ந்தெழுந்த அடிமைகள், பிரெஞ்சுப் படையையே தோற்கடித்து, 1804இல் சுதந்திரத்தை அறிவித்த மண் அது. அடிமைகள் தாங்களே போராடித் தங்களுக்கென ஒரு நாட்டை உருவாக்கிக்கொண்ட ஒரே இடம். அந்தத் துணிவுக்குத் தண்டனையாக, 1825இல் போர்க்கப்பல்களை நிறுத்தி வைத்துக்கொண்டு, தோட்ட முதலாளிகளின் இழப்புக்கு ஈடாகப் பதினைந்து கோடி பிராங்க் கட்டச் சொன்னது பிரான்ஸ். நாடு வறுமையில் விழுந்ததற்கு அந்தக் கடன் ஒரு முக்கியக் காரணம். அந்த வறுமையின் மேல்தான் பிற்காலத்தில் ‘பாப்பா டாக்’ என்று அழைக்கப்பட்ட பிரான்சுவா டுவாலியே தன் சர்வாதிகாரத்தைக் கட்டினார். ‘தொந்தோன் மக்கூத்’ என்ற அவருடைய அடியாள் படை இரவில் கதவைத் தட்டினால் அந்த வீட்டு ஆள் திரும்பி வருவது நிச்சயமில்லை என்ற நிலை இருந்த காலம் அது. அந்த டுவாலியேதான் இத்தாலியிலிருந்து வந்த இயக்குநர்கள் யாக்கோபெத்திக்கும் புரோஸ்பெரிக்கும் விருந்தோம்பினார். தூதரக அதிகாரிகளுக்குரிய வாகனங்கள், எங்கும் படம்பிடிக்க அனுமதி, கேட்ட அளவுக்குத் துணை நடிகர்கள், இரவில் அதிபருடன் விருந்து. தங்களை விடுவித்துக்கொண்ட அடிமைகளின் பேரப்பிள்ளைகளை ஆடை களைந்து மறுபடியும் அடிமைகளாக நிறுத்துவதற்கு, உலகத்தில் வேறு இடமே கிடைக்கவில்லை போலிருக்கிறது.

அன்று நமக்குக் கொடுத்த இரண்டு பக்க அறிமுகத் தாளை வீட்டுக்கு எடுத்து வந்து வாசித்தேன். படத்தின் துணிச்சலைப் பற்றி இருக்கிறது. ஹெலிகாப்டரில் வந்து இறங்கும் நவீன ஆவணப்பட இயக்குநர்கள் கடந்த காலத்து முதலாளிகளைப் பேட்டி காண்பது போன்ற கதை சொல்லும் உத்தியைப் பற்றி ஒரு பத்தி முழுக்க இருக்கிறது. ரிஸ் ஓர்தொலானியின் இசையைப் பற்றி இருக்கிறது. ஹைட்டி என்ற பெயர் ஓர் இடத்தில்கூட இல்லை.

“அவர்கள் கூலி வாங்கிக்கொண்டுதானே நின்றார்கள்?” என்று கேட்பீர்கள். கேட்டும் விட்டீர்கள். கப்பலின் அடித்தட்டில் ஆடையின்றி உடலோடு உடல் ஒட்டிக் கிடத்தப்பட்ட அந்த மனிதர்களைப் பார்த்தீர்கள் அல்லவா? அவர்களில் குழந்தைகளும் இருந்ததைப் பார்த்தீர்கள் அல்லவா? “எனக்கு இது வேண்டாம், நான் வீட்டுக்குப் போகிறேன்” என்று அவர்களில் ஒருவர், அதிபரின் விருந்தாளிகளிடம், அந்த நாட்டில், அந்த ஆண்டுகளில் சொல்லியிருக்க முடியுமா? மறுக்க வழியில்லாத ஒருவன் கையில் நாலு காசைத் திணித்துவிட்டு ஒப்பந்தம் என்று பெயர் வைப்பது தோட்ட முதலாளிகளுக்கும் பழக்கமான கணக்குதான். இது என் கண்டுபிடிப்பும் அல்ல. 1972இல் அமெரிக்காவில் அந்தப் படம் வந்தபோதே அந்நாட்டுத் திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட் ஒரு நட்சத்திரம்கூடக் கொடுக்காமல், ஏழை ஹைட்டி மக்களைக் கூலிக்குப் பிடித்து அந்த இழிவை மறுபடி அனுபவிக்க வைத்ததைக் குற்றமாகச் சொல்லி எழுதினார். அவரும் மென்மனத்தார் கணக்கில் சேர்வாரா என்று திரையிடலின் ஒருங்கிணைப்பாளர் தோழர் தெளிவுபடுத்தினால் நன்றாக இருக்கும்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்லூரியில் படித்தபோது எங்கள் ஊர்த் திரையரங்கின் காலைக் காட்சிகளுக்கு வகுப்பைக் கட்டடித்துவிட்டுப் போவது வழக்கம். அங்கே என்ன படம் ஓடும் என்பது உங்களுக்குத் தெரியும்; தெரியாதது போல நடிக்க வேண்டாம். ஒரு நாள் அமெரிக்கத் தோட்டத்து அடிமைகளைப் பற்றிய ஆங்கிலப் படம் ஒன்று ஓடியது. சுவரொட்டியில் அதற்கு வேறு ஏதோ பெயர் வைத்திருந்தார்கள், கண்டிப்பாக வயது வந்தோருக்கு மட்டும் என்று படப் பெயரைவிடப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். ஏலக் காட்சியில் ஒரு பெண்ணை மேடையில் ஏற்றி, வாங்க வந்தவன் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்து, பிறகு மேலாடையைக் கிழித்தபோது, பெஞ்சு டிக்கெட்டிலிருந்து விசில் பறந்தது. சவுக்கடி தொடங்கியபோது எங்கோ பின்னாலிருந்து ஒருவர் “இன்னொண்ணு போடு” என்றார். அரங்கமே சிரித்தது. கொஞ்ச நேரத்தில் ஆபரேட்டர், அந்தத் திரையரங்கின் வழக்கப்படி, வேறொரு படத்தின் பிட்டை நடுவில் ஓட்டினார். ஐந்து நிமிடம் ஓடியிருக்கும். அது முடிந்து மறுபடி அடிமைப் படம் வந்தபோது, படம் மாறியதற்கான சலசலப்பு அந்த அரங்கில் கொஞ்சமும் இல்லை. அதே விசில் அப்படியே தொடர்ந்தது.

அந்த அரங்கையும் ஞாயிற்றுக்கிழமை அரங்கையும் ஒப்பிடுவது அநியாயம் என்பீர்கள். நீங்கள் விசிலடிக்கவில்லை. நீங்கள் மௌனமாகப் பார்த்தீர்கள், முடிந்ததும் கைதட்டினீர்கள், பிறகு ‘பவர்ஃபுல்’ என்றீர்கள். வித்தியாசம் பெரிது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திரையில் இருந்த பெண்ணுக்கு அதனால் என்ன வித்தியாசம்?

எதிர்வாதங்களில் உண்மையிலேயே கனமானது ஒன்று உண்டு. கொடுமையைக் கண்ணால் பார்க்காதவரை மனிதர்கள் அசைய மாட்டார்கள் என்பது அது. 1863இல் முதுகு முழுவதும் சவுக்குத் தழும்பு ஏறிய ஒரு மனிதரின் புகைப்படம் அமெரிக்காவின் வட மாநிலங்களில் வீடு வீடாகச் சென்று சேர்ந்தது. அடிமை முறை எத்தகையது என்று பலருக்குப் புரிய வைத்தது. 1955இல் மிசிசிப்பியில் பதினான்கு வயதுக் கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில் அடித்துக் கொல்லப்பட்டு ஆற்றில் வீசப்பட்டபோது, அவனுடைய தாய் மேமி, உருக்குலைந்த அந்த முகத்தை மூடக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். சிகாகோவில் திறந்த சவப்பெட்டியோடு இறுதிச் சடங்கு நடந்தது, ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று பார்த்தார்கள், ‘ஜெட்’ பத்திரிகை படத்தை வெளியிட்டது. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி கொலைகாரர்களை விடுவித்தது என்றாலும், அந்த முகம் ஒரு தலைமுறையையே போராட்டத்துக்குள் தள்ளியது. ஆகவே அதிர்ச்சிக்குப் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை, எங்கும் சொன்னதும் இல்லை.

ஆனால் அங்கே முடிவெடுத்தவர் யார்? பெற்றவள். காட்டப்பட்டது என்ன? நடந்து முடிந்த ஒன்று. தழும்பு முதுகுக்காரரிடம் புகைப்படக்காரர் முறைப்படி அனுமதி கேட்டாரா என்று என்னை மடக்கப் பார்க்கலாம். கேட்டாரோ இல்லையோ, படம் எடுப்பதற்காக யாரும் அவரை இன்னொரு முறை அடிக்கவில்லை. யாக்கோபெத்தியும் புரோஸ்பெரியும் செய்தது அதைத்தான். குற்றத்தைக் காட்டுவதற்காகக் குற்றத்தின் ஒரு பகுதியை மறுபடி நிகழ்த்தினார்கள். இதே டில் கதையை இயக்குநர் சினோன்யே சுக்வு 2022இல் படமாக்கியபோது, அந்தச் சிறுவன் அடிபடுவதைத் திரையில் காட்டுவதில்லை என்று முடிவெடுத்தார். அந்தப் படத்தைப் பார்த்து யாரும் இனவெறியைப் பற்றிக் குறைவாகப் புரிந்துகொண்டதாக நான் கேள்விப்படவில்லை.

“அப்படியானால் வன்முறையே காட்டக் கூடாதா?” காட்டலாம். கடத்தப்பட்டு அடிமையாக விற்கப்பட்ட சாலமன் நார்த்தப்பின் வரலாற்றை இயக்குநர் ஸ்டீவ் மெக்வீன் படமாக்கிய ‘12 இயர்ஸ் எ ஸ்லேவ்’ படத்தில் ஒரு காட்சியை நினைத்துப் பாருங்கள். மரக்கிளையில் தூக்குக் கயிறு, கயிற்றில் நார்த்தப், கால் கட்டைவிரல்கள் மட்டும் சேற்றில் வழுக்கிக்கொண்டிருக்கின்றன. கேமரா நகரவே மறுக்கிறது. பின்னணியில் மற்ற அடிமைகள் ஒவ்வொருவராகக் குடிசையிலிருந்து வெளியே வந்து தங்கள் வேலையைப் பார்க்கத் தொடங்குகிறார்கள், குழந்தைகள் விளையாடுகின்றன, ஒரு பெண் மட்டும் அவசரமாக வந்து ஒரு வாய் தண்ணீர் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போகிறாள். ரத்தம் இல்லை, அலறல் இல்லை, நிர்வாணம் இல்லை. அந்த முற்றத்தில் அதெல்லாம் அன்றாடம் என்பதுதான் அங்கே நம்மைக் கொல்கிறது. அதற்கும் எழுந்து போகாமல் முழுவதும் உட்கார்ந்திருந்தேன் என்பதை, என் மனத்தின் மென்மையை அளந்துகொண்டிருப்பவர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

இதையும் ஏற்காதவர்கள் உண்டு. அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய தன்வரலாற்றில் தன் சித்தி சவுக்கால் அடிபட்டதை விவரிக்கும் பகுதி மிகப் புகழ்பெற்றது. அடிமை வரலாற்றை ஆராயும் சைதியா ஹார்ட்மன் 1997இல் வந்த தன் நூலின் தொடக்கத்திலேயே, அந்தப் பகுதியை எடுத்தெழுத மறுக்கிறார். திரும்பத் திரும்பக் காட்டப்படும் கறுப்பு உடலின் வேதனை, பார்ப்பவரை மரத்துப்போகச் செய்யும், அல்லது ஒருவித ரகசியச் சுவையோடு பார்க்க வைக்கும் என்பது அவர் கவலை. நான் அந்த அளவுக்குப் போக மாட்டேன். டக்ளஸ் தன் வீட்டுத் துயரத்தைச் சொல்கிறார், சொல்ல அவருக்கு உரிமை உண்டு. யாக்கோபெத்திக்கு அந்த உரிமையை யார் கொடுத்தது? டுவாலியே கொடுத்தார்.

அடிமைத் தோட்டத்தைப் பற்றிய ஹாலிவுட் படமான ‘மாண்டிங்கோ’வைக் காட்டி என்னை வாயடைக்க நினைக்கும் நண்பருக்கு ஒரு வார்த்தை. 1975இல் வந்த அந்தப் படத்தை அன்றைய விமர்சகர்கள் கிழித்துத் தொங்கவிட்டார்கள் என்பதும், பிற்பாடு ராபின் வுட், ஆண்ட்ரூ பிரிட்டன் போன்ற விமர்சகர்கள் அதை அமெரிக்க அடிமை முறையைப் பற்றிய மிக நேர்மையான ஹாலிவுட் படங்களில் ஒன்றாகத் தூக்கிப் பிடித்தார்கள் என்பதும் எனக்கும் தெரியும். 1939இன் ‘கான் வித் த விண்ட்’ காட்டிய மாளிகை, பட்டுப்பாவாடை, விசுவாசமான வேலைக்காரி என்ற மாயையை அது உடைத்தது என்ற வாதத்தில் சத்து இருக்கிறது. முதலாளியின் வீடு இடிந்து விழும் நிலையில் இருக்கிறது. முதலாளி தன் மூட்டுவலி இறங்கிப் போகும் என்று நம்பி ஒரு கறுப்பினச் சிறுவனின் வயிற்றின் மேல் கால் வைத்து உட்கார்ந்திருக்கிறார். அது எளிதில் மறக்கும் காட்சி அல்ல. சரி. ஆனால் அந்தப் படத்துக்குக் கூட்டம் சேர்ந்தது இந்தக் காட்சிக்காகவா? சுவரொட்டியில் போட்டது அந்தச் சிறுவனையா, எஜமானியும் அடிமையும் கட்டித் தழுவும் கோலத்தையா? ராபின் வுட் பார்த்த படத்தைத்தான் எல்லோரும் பார்த்தார்கள் என்று நம்புவதற்கு, எங்கள் ஊர்க் காலைக் காட்சிக்கு ஒரு முறையாவது வராமல் இருந்திருக்க வேண்டும்.

‘குட்பை அங்கிள் டாம்’ எடுத்தவர்களின் நோக்கம் நல்லது என்கிறீர்கள். இதே இருவரும் 1966இல் எடுத்த ‘ஆப்பிரிக்கா அடியோ’ படம் இனவெறி கக்குகிறது என்று கண்டனம் எழுந்தது. அதிலிருந்த மரண தண்டனைக் காட்சி கேமராவுக்காகவே ஏற்பாடு செய்யப்பட்டதா என்ற சர்ச்சையில் யாக்கோபெத்தி வழக்கைச் சந்தித்து விடுவிக்கப்பட்டார். தாங்கள் இனவெறியர்கள் அல்ல என்று நிரூபிக்கத்தான் அடுத்து இந்தப் படத்தை எடுத்தார்கள். நாம் இனவெறியர் அல்ல என்று காட்ட நூற்றுக்கணக்கான கறுப்பின மக்களைத் துணியில்லாமல் நிறுத்துவோம் என்று யோசித்த மூளையின் நோக்கத்தைப் பற்றி மேலும் என்ன சொல்வது? படத்தின் முடிவில் ஒரு கறுப்பின இளைஞன் கடற்கரையில், அடிமைக் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கிய நாட் டர்னரைப் பற்றிய நாவலைப் படித்தபடி வெள்ளைக் குடும்பங்களைக் கொல்வதாகக் கற்பனை செய்கிறானே, அது யாருடைய பயம்? அந்த நாவலை எழுதியவரும் வெள்ளையர், படத்தை எடுத்தவர்களும் வெள்ளையர். அடிமைகளின் வலியில் தொடங்கியதாகச் சொன்ன படம் வெள்ளையர்களின் கெட்ட கனவில் போய் முடிகிறது. முழு இத்தாலியப் பதிப்பைப் பார்த்தால் வேறு மாதிரித் தோன்றும் என்று ஒருவர் எழுதியிருந்தார். எந்தப் பதிப்பில் பார்த்தாலும் ஹைட்டி ஹைட்டிதான்.

“நம் ஊர்ச் சாதிக் கொடுமையைப் பேசாமல் அமெரிக்க அடிமைகளுக்காக அழுகிறாயே” என்பவருக்கு என்னிடம் பதில் இல்லை. அமெரிக்க அடிமைப் படத்தைத் திரையிட்டது நானல்ல.

கடைசியாக, தடை செய்யச் சொல்கிறாயா என்ற கேள்வி. சொல்லவில்லை. படம் இருக்கட்டும், பாதுகாக்கப்படட்டும், பார்க்க விரும்புகிறவர்கள் பார்க்கட்டும். அடுத்த மாதம் வேறொரு ஊரில் இதே படத்தைத் திரையிடப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள், தாராளமாகத் திரையிடுங்கள். அந்த அறிமுகத் தாளில் மட்டும், இசையைப் பற்றிய பத்திக்கு மேலே, இந்தப் படத்தில் அடிமைகளாக வருபவர்கள் டுவாலியே ஆட்சியின் கீழ் வாழ்ந்த ஹைட்டி மக்கள் என்று ஒரு வரி சேர்த்து அச்சிடுங்கள். இடம் போதாது என்றால் துணிச்சலைப் பற்றிய பத்தியில் கொஞ்சம் வெட்டிக்கொள்ளலாம். அச்சுக் கூலியை நான் அனுப்பி வைக்கிறேன்.