பதினாலு வயசுக்கு மேல யாரு பாக்கறது?

"கண்ண மட்டும் விட்டுட்டு மிச்ச எடத்துல தோல உரிச்சிடுங்க டீச்சர், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

இந்த வசனத்த சொல்லாத அப்பன் எங்க ஊர்ப்பக்கம் கெடையாது. எங்கப்பா எங்க வாத்தியார்கிட்ட சொன்னாரு. போன வருஷம் ஆனி மாசம் நானும் சொன்னேன். ரொம்பக் கண்டிப்பான தகப்பன்னு நெனப்புல நெஞ்ச நிமித்திக்கிட்டு வேற நின்னேன்.

நமக்கு தர்மபுரி மாவட்டம், காரிமங்கலம் பக்கம். டாடா ஏஸ் ஓட்டறேன். ராயக்கோட்டை மண்டியில சாயங்காலம் தக்காளி ஏத்தினா ராத்திரி பெங்களூரு கலாசிபாளையம், எறக்கிட்டு விடிகாலையில திரும்பறது. வீட்டுக்காரம்மாவுக்கு ஓசூர்ல கம்பெனி வேலை, அஞ்சரைக்கெல்லாம் பஸ்சு ரோட்டுமேல வந்து ஹாரன் அடிக்கும். நான் வீடு வந்து சேர்றப்ப பையன் ஸ்கூலுக்குப் போயிருப்பான். அவன் வர்றப்ப நான் மண்டியில இருப்பேன். ரேஷன் கார்டுல மட்டும்தான் நாங்க மூணு பேரும் ஒண்ணா இருக்கறது. வீட்ல அவனுக்குத் தொணை எங்கம்மா, அதுக்கு எழுபதத் தாண்டிடுச்சு.

ஒரு நாள் மத்தியானம் தூங்கிக்கிட்டிருந்தப்ப கிளாஸ் டீச்சர் போன் பண்ணாங்க. "பையனுக்கு ஒடம்பு இப்பத் தேவலையாண்ணா?" என்ன ஒடம்புன்னு கேட்டேன். நாலு நாளா ஸ்கூலுக்கு வரலையாம், காய்ச்சல்னு கூட்டாளிகிட்ட சொல்லி விட்டானாம். எங்கம்மாவக் கேட்டா, "யூனிபார்ம் போட்டுக்கிட்டுதானே போவுது கொழந்த" அப்படிங்குது. அன்னிக்கு சாயங்காலம் வண்டி எடுக்கல. அவன் வந்ததும் பையப் பிரிச்சேன். ஒரே ஒரு நோட்டு. மீதி எடத்துல ஒரு லுங்கியும் பழைய டீசர்ட்டும். டீசர்ட்டு பூரா மாம்பால் கறை.

கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கா மண்டியில கிரேட் அடுக்கப் போயிருக்கான். நாளைக்கு 500 ரூபாயாம். எதுக்குடான்னா, போன் வாங்க.

இதுல எனக்கு எங்க சுட்டுதுன்னு சொல்றேன். ரெண்டு நாள் முன்னாடி முழங்கையில புண்ணுன்னு சொன்னான். நான்தான் மருந்துக் கடையில ஆயின்மென்ட் வாங்கி நாற்காலி மேல வெச்சுட்டு வண்டிக்குப் போனேன். மாம்பால் பட்டா தோலு எப்படிப் பொத்துப் போவும்னு தெரியாதவனா நான்? சின்ன வயசுல தோப்புக் காவலுக்குப் போன ஆளு. எப்படி வந்த புண்ணுன்னு ஒரு வார்த்த கேக்கல. ஆயின்மென்ட் வாங்கிக் குடுத்தா அப்பன் வேலை முடிஞ்சுதுன்னு போயிட்டேன்.

மறுநாள் அவன இழுத்துக்கிட்டுப் போயி டீச்சர்கிட்ட மேலே சொன்ன வசனம். அவங்க சிரிக்கல, கோவப்படவும் இல்ல. "அடிக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்குண்ணா. அத விடுங்க. அவன் ஸ்கூலுக்கு வராததுதானே பிரச்சனை? நான் அடிச்சா நாளைக்கு வருவானா?" எனக்கு பதில் வரல. அடுத்த கேள்வி, "ராத்திரி ஒம்போது மணிக்கு எங்க இருப்பீங்க?" அத்திப்பள்ளி பக்கம்னேன். "அங்க வண்டிய ஓரமா நிறுத்தி அஞ்சு நிமிஷம் அவனுக்குப் போன் பண்ணுங்க. திட்டாதீங்க, கேளுங்க."

இவ்ளோதான் நடந்தது. இதுக்கப்பறம் எனக்கு ஒரு ஆராய்ச்சிக் கிறுக்கு புடிச்சுது. பிள்ளைங்க விஷயத்துல சர்க்காருக்கு எதுவரைக்கும் பாத்தியம், நமக்கு எதுல இருந்து பாத்தியம்? ஸ்கூல் மேலாண்மைக் குழுவுல எங்க வீட்டம்மா பேரு இருக்கு. முக்கால்வாசிப் பேரு பெத்தவங்களா இருக்கணும், பாதிப் பேரு பொம்பளைங்களா இருக்கணும்னு சட்டம். பேரு அவங்களது, கூட்டத்துக்குப் போறது நானு. (யாரும் போட்டுக் குடுக்காதீங்க.) அங்க கேட்டதும் அப்பறம் தேடிப் படிச்சதுமா சொல்றேன்.

2010 ஏப்ரல் 1-ல இருந்து கல்வி உரிமைச் சட்டம் நடப்புல இருக்கு. 6 வயசுல இருந்து 14 வரைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி. அதுல 17-ஆவது பிரிவு, அடிக்கவும் கூடாது, மனசு நோகடிக்கவும் கூடாதுங்குது. இது எல்லாருக்கும் தெரியும், டீக்கடையில வாத்தியாருங்களுக்காக உச்சுக் கொட்டறதுக்கு உபயோகமாகுது. அதே சட்டத்துல 10-ஆவது பிரிவு இருக்கறது யாருக்கும் தெரியல. பிள்ளைய ஸ்கூல்ல சேக்கறது பெத்தவங்க கடமைன்னு அதுல போட்டிருக்கு. அரசியல் சாசனத்துலயே 51ஏ-ன்னு அடிப்படைக் கடமைங்க பட்டியல் இருக்கே, அதுலயும் 2002 திருத்தத்துல இதச் சேத்துட்டாங்க. ஆனா சேக்கலைன்னா என்ன தண்டனைன்னு கல்வி உரிமைச் சட்டத்துல ஒரு வரி கெடையாது. 18 ஆவாத பையனுக்கு பைக் சாவியக் குடுத்து அவன் மாட்டினான்னா 25,000 ரூபா அபராதம், 3 வருஷம் வரைக்கும் ஜெயிலு, அவனுக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கெடையாது. 2019-ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டம் அப்படி. புத்தகப்பை தூக்க வேண்டியவன் மாங்கா கிரேட் தூக்கினா அப்பன ஒரு போலீஸ்காரரும் கேக்க மாட்டாரு.

ஏன்னா அவனுக்கு 14 முடிஞ்சு போச்சு. இங்கதான் எனக்குத் தூக்கம் கெட்டுது. கல்வி உரிமைச் சட்டம் 14-ல நிக்குது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்துல 14-க்குக் கீழதான் வெளி வேலைக்கு முழுத் தடை. அதுக்கு மேல 18 வரைக்கும் ஆபத்தான வேலைக்கு மட்டும்தான் தடை. பெத்தவங்க கடமைன்னு சாசனத்துல சேத்தாங்களே, அதுவும் 6-ல இருந்து 14 தான். காலைச் சாப்பாடு அஞ்சாவதோட, இலவச யூனிபார்ம் எட்டாவதோட. மீசை அரும்பி, கொரல் ஒடஞ்சு, நாம சொல்றதுக்கெல்லாம் எதுத்துப் பேச ஆரம்பிக்கற வயசு எதுவோ, சரியா அங்க சட்டம் கைய விட்டுடுது. அதே வருஷம் நாமளும், "பெரியவன் ஆயிட்டான், இனிமே அவன் பாத்துக்குவான்"னு கைய எடுத்துடறோம். ரெண்டு பேரும் ஒரே நேரத்துல விட்டா நடுவுல விழறது யாரு?

உடனே ஒரு கூட்டம் வரும்: "எல்லாத்தையும் ஓசியில குடுத்துக் குடுத்துக் கெடுத்து வெச்சது கவர்மெண்டுதான்." வேணாங்க. அஞ்சரைக்குக் கம்பெனி பஸ் ஏறற அம்மா, எட்டு மணிக்கு எந்திரிக்கற பிள்ளைக்கு என்னத்த ஊட்டி விட முடியும்? 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்ச காலை உணவு வந்தப்பறம் எங்க தெரு ஒண்ணாவது ரெண்டாவது பொடிசுங்க ஓடற ஓட்டத்த நான் தெனமும் வண்டியில வர்றப்ப பாக்கறேன்.

அதோட நம்ம மாவட்டத்துக்காரன் சர்க்கார் எதுக்குன்னு பேசறதுக்கு முன்னாடி கொஞ்சம் பழச நெனச்சுப் பாக்கணும். எங்க செட்டு ஆளுங்க வாயத் தொறந்து சிரிச்சா தெரியும், பல்லு பூரா காவிக் கறை. போர்த் தண்ணியில ஃபுளோரைடு. எந்த அப்பன், எவ்ளோ பாசக்காரனா இருந்தாலும், தண்ணியில இருந்து அதப் பிரிச்சு எடுத்துப் பிள்ளைக்குக் குடுக்க முடியும்? ஒகேனக்கல் தண்ணி 2013-ல வந்தப்பறம் ஏம் பையன் பல்லு வெள்ளையா இருக்குது. அத நான் குடுக்கல. இன்னொண்ணு, சொல்லவே கூசும். 1992-ல சேலத்துல ஆரம்பிச்ச தொட்டில் குழந்தைத் திட்டத்த 2001-ல நம்ம மாவட்டத்துக்கும் கொண்டு வந்தாங்க. கிருஷ்ணகிரி பிரியறதுக்கு மூணு வருஷம் முன்னாடி. பொட்டப் புள்ள பொறந்தா கொன்னுடாதீங்க, இந்தத் தொட்டில்ல போட்டுட்டுப் போங்கன்னு. பெத்தவங்களுக்குப் பதிலா சர்க்காரே தாயா நிக்க வேண்டி வந்த மண்ணுங்க இது. அதனால, "எம் பிள்ளை எம் பாடு, கவர்மெண்டு எதுக்குக் குறுக்க வருது"ன்னு இங்க யாராவது பேசினா எனக்குச் சிரிப்பு வராது.

இன்னிக்கும் அப்படிப் பேசறாங்க. 1098-ங்கற குழந்தைங்க உதவி நம்பருக்கு யாரோ போன் போட்டு பதினாறு வயசுப் பொண்ணு கல்யாணத்த நிறுத்தினா, "அவங்க பொண்ணு, அவங்க கட்டிக் குடுக்கறாங்க, இவனுங்களுக்கு என்ன"ன்னு ஊரே கெளம்புது. கட்டி வெச்ச அப்பனுக்கு 2 வருஷம் ஜெயில் வரைக்கும் சட்டத்துல எடம் இருக்குன்னு சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. அதே ஆளுங்கதான் அடுத்த நாள் ஸ்கூல் கேட்ல நின்னு, "வாத்தியாருங்க கையக் கட்டிப்புட்டானுங்க, அதான் பசங்க கெட்டுப் போச்சு"ங்கறது. பொண்ணு கல்யாணத்துல கைய வெக்காதேங்கறோம், பையன் முதுகுல கைய வையுங்கறோம். இது என்ன கணக்கு?

காசு இருக்கறவங்க கதை வேற. இந்த ரெண்டு மாவட்டத்துலயும் ஹாஸ்டல் வசதியோட ஸ்கூல்னு போர்டு இல்லாத ரோடு எங்க இருக்கு? லட்சக்கணக்குல கட்டி உள்ள விட்டா, "அங்க செம ஸ்ட்ரிக்டு"ன்னு பெருமை. அதுவும் அதே வசனம்தான், ரசீதோட.

போன கூட்டத்துல தலைமுடிப் பிரச்சனை ஓடுச்சு. சைடுல ஒட்டச் சரைச்சுக்கிட்டு நடுவுல சேவல் கொண்ட மாதிரி விட்டுக்கறானுங்க இல்ல, அது. ஸ்கூலே ஆள் கூட்டியாந்து வெட்டி விடணும்னு ரெண்டு அப்பாருங்க. பின்னாடி சுவத்துல சாஞ்சு ஒரு ஆயா உக்காந்திருந்துது. பேரனுக்காக வந்தது, மகனும் மருமகளும் பெங்களூர்ல கட்டட வேல, அங்கேயே தகரக் கொட்டாயில இருக்காங்க, பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும்தான் வர்றது. "எங்க ஊட்டுப் பையன் எஞ் சொல்லக் கேக்க மாட்டான். அவுங்கப்பன் வந்தா மொத நாளே போயி முடி வெட்டியாந்துடுவான், யாரும் சொல்ல வேணாம்"னு சொல்லுச்சு. யாருக்குன்னு பாக்காம சும்மா தரையப் பாத்துக்கிட்டு சொல்லுச்சு. அதுக்கப்பறம் அந்தப் பேச்சு நின்னு போச்சு, டீ வந்துடுச்சு.

அந்த மகன் பெங்களூர் போவாம இங்க என்ன வேல செஞ்சு பொழைப்பான்? அதனால அவனப் பொறுப்பில்லாத அப்பன்னு சொல்ல எனக்கு வாய் வரல. சர்க்கார் செய்ய வேண்டியது அங்கதான் நெறைய இருக்கு. இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்கு ஒம்போதாவது, பத்தாவதுல சாயங்காலம் ஆறுல இருந்து எட்டு வரைக்கும் ஒரு எடம், ஒரு ஆளு, ஒரு தட்டு சுண்டல். இருக்கற ஹாஸ்டல்ல குளிக்க வாளி, படிக்க லைட்டு. காலைச் சாப்பாட்ட பத்தாவது வரைக்கும் நீட்டறது. இதக் கேட்டு நாம சண்ட போட்டா அதுல நியாயம் இருக்கு. எம் பிள்ளைய நீ அடின்னு கேக்கறதுல இல்ல. ராத்திரி பதினோரு மணிக்குப் போர்வைக்குள்ள போன் வெளிச்சம் தெரியுதே, அந்த எடத்துக்கு எந்த அரசாணையும் வந்து சேராது.

ஆமா, அவனுக்குப் போன் வாங்கிக் குடுத்துட்டேன். மண்டிக் காசு 2,000-த்தோட நான் மீதியப் போட்டேன். சரியா தப்பான்னு இன்னும் எனக்கே தெரியல. வீட்டம்மா தப்புன்னுதான் சொல்றாங்க. நீங்களும் கமெண்ட்ல திட்டலாம்.

ஒம்போது மணிப் போன் ஒரு வருஷமா ஓடுது. மொத மாசம் பூரா "ம்", "சரி", "வெச்சுடவா" மட்டும்தான். ஒரு நாள் அவனா, "அப்பா, தக்காளி இன்னிக்கு கிரேட் என்ன வெல போச்சு?"ன்னு கேட்டான். அன்னிக்கு அஞ்சு நிமிஷம் இருபது ஆச்சு, கலாசிபாளையத்துல லேட்டுக்குத் திட்டு வாங்கினேன். இப்ப பத்தாவது. லீவு போடறது நின்னுருக்கு, கணக்குல மட்டும் இன்னும் இழுபறி.

அத்திப்பள்ளி தாண்டி ஓரமா நிறுத்திட்டுதான் இத டைப் பண்றேன். மணி ஒம்போதேகால் ஆச்சு, ரிங் போவுது, எடுக்க மாட்டேங்கறான். மறுபடி அடிக்கணும். போனத்தாங்க.