இலங்கையில் சர்ஃபிங்: பீச்சின் பெயரைக் கடைசியாகக் கேளுங்கள்

அக்டோபர் பிறந்தால் போதும், பெங்களூரு அலுவலகங்களில் ஒரு கூட்டம் கொழும்புக்கு டிக்கெட் தேட ஆரம்பித்துவிடும். முல்கியிலோ ஈசிஆர் கோவளத்திலோ ஒரு வார இறுதி வகுப்பு முடித்து, நுரையில் எழுந்து நின்று போட்டோ எடுத்துக்கொண்டவர்கள்தான் இதில் பெரும்பாலும். நான் சர்ஃபிங் போகிறவள் என்று தெரிந்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான். "அக்கா, எந்த பீச் பெஸ்ட்?"

அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. எந்த மாதம் போகிறீர்கள், தண்ணீருக்கு அடியில் என்ன இருக்கிறது, உங்களுக்கு உண்மையில் என்ன செய்ய வருகிறது என்ற மூன்றுக்கும் பதில் தெரிந்துவிட்டால் பீச் தானாகவே முடிவாகிவிடும். நம்மவர்கள் தலைகீழாகச் செய்கிறார்கள். ரீல்ஸில் ஒரு இடத்தைப் பார்த்து, ரூம் போட்டு, அப்புறம்தான் அங்கே அலை எப்படி என்று விசாரிக்கிறார்கள்.

முதலில் மாதம். இலங்கையில் சர்ஃபிங்குக்கு இரண்டு சீசன். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை தெற்கும் தென்மேற்கும்: ஹிக்கடுவ, அஹங்கம, மிதிகம, வெலிகம, மிரிஸ்ஸ. மே மாதத்திலிருந்து செப்டம்பர், அக்டோபர் வரை கிழக்கே அறுகம் குடா. எல்லாம் காற்றின் வேலை. வடகிழக்குப் பருவத்தில் தெற்குக் கரையில் காற்று நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசும். வருகிற அலையை அது எதிர்த்துத் தாங்குவதால் அலை அவசரமாகச் சரியாது, அதன் முகம், அதாவது சரிவான முன்பக்கம், வழவழப்பாக இருக்கும். தென்மேற்குப் பருவத்தில் அதே கரைக்குக் கடலிலிருந்து காற்று வந்து எல்லாவற்றையும் கலக்கிவிடும். அந்த நேரத்தில் அறுகம் குடாவுக்கு அதே காற்று நிலத்திலிருந்து போகும் காற்று. ஜூலையில் அறை வாடகை மலிவாகக் கிடைத்தது என்று வெலிகமவுக்குப் போய், மழையையும் கலங்கிய கடலையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

அடுத்தது தரை. இதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை, எனக்கு இதுதான் முக்கியம். அலை உடைவதைத் தீர்மானிப்பது ஆழம். தன் உயரத்தைப் போல ஏறக்குறைய ஒன்றேகால் மடங்கு ஆழத்துக்கு வந்ததும் அலை கவிழத் தொடங்கும். தரை மெல்ல மெல்ல மேலே ஏறினால் அலையும் மெல்லச் சரிந்து, நுரையாக வெகுதூரம் உருண்டு வரும். ஆழத்திலிருந்து சட்டென்று ஒரு பாறைத் திட்டு எழும்பினால் அலையும் சட்டென்று எழும்பி, சுருண்டு, மொத்தமாக விழும். வெலிகம முதல் வகை. அகலமான வளைகுடா, மணல் தரை, இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டே பயிற்சியாளர் உங்கள் போர்டைத் தள்ளிவிடலாம். விழுந்தால் மணலில் விழுவீர்கள்.

அங்கிருந்து மேற்கே கொஞ்ச தூரம்தான் மிதிகம. அங்கே "லேஸி லெஃப்ட்", "லேஸி ரைட்" என்று இரண்டு அலைகள். பெயரைக் கேட்டால் சாய்வு நாற்காலி போட்டு உட்காரலாம் போலத் தோன்றும். ஆனால் அடியில் பாறை, அதில் முள்ளெலி போலக் கடல் முள்ளிகள். போர்டைத் திருப்பத் தெரிந்தவர்களுக்கு அருமையான இடம். நேராகக் கரையைப் பார்த்து மட்டும் போகத் தெரிந்தவர்களுக்கு இல்லை. பக்கத்திலேயே "ராம்ஸ்" என்று இன்னொன்று, தரை இன்னும் மேலே இருக்கும், அலை இன்னும் வேகம். நன்றாகத் தேறியவர்கள்கூட யோசித்துத்தான் இறங்குவார்கள். ஒரே ஊர், ஒரே சாலை, ஆட்டோவில் சில நிமிட இடைவெளி. அதனால்தான் ஊர் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு போகக் கூடாது என்கிறேன்.

வெலிகமவிலும் தொந்தரவு உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. சீசனில் கூட்டம் தாங்காது. கற்றுக்கொள்கிறவர்கள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள், யாருக்கும் போர்டைத் திருப்பத் தெரியாது. அங்கே அடிபட்டால் பெரும்பாலும் அடுத்தவர் போர்டாலோ சொந்த போர்டாலோதான். ஆகவே விடிந்ததும் இறங்குங்கள். காலையில் காற்றும் குறைவு. அலைக்கும் உடம்புக்கும் நடுவில் போர்டு குறுக்கே வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நேராக உங்கள் முகத்துக்கு வரும். விழுந்து மேலே வரும்போது கை தலைக்கு மேல் இருக்கட்டும்.

சரி, மூன்றாவது கேள்வி. இதில்தான் சண்டை வரும். எங்கள் டீமில் ஒரு தம்பி, கோயம்புத்தூர்க்காரன், போன மே மாதம் வந்து, "அக்கா, நான் இப்ப இன்டர்மீடியட், அறுகம் குடா மெயின் பாயின்ட் போலாமா?" என்றான். "யார் தள்ளிவிடாம நீயே அலை பிடிச்சிருக்கியா?" என்றேன். "தள்ளிவிட்டாதானே போக முடியும்?" என்றான். அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

என் கணக்கில் இன்டர்மீடியட் என்றால் இவ்வளவும் வர வேண்டும்: உடைகிற அலைகளைத் தாண்டித் தானே கையால் துடுப்புப் போட்டு வெளியே போவது, உடையாத பச்சை அலையைத் தானே தேர்ந்தெடுத்துப் பிடிப்பது, இடமோ வலமோ அலையின் முகத்தோடு சாய்ந்து போவது, யாராவது குறுக்கே வந்தால் போர்டைத் திருப்புவது. அதோடு யாருக்கு முன்னுரிமை என்று தெரிந்திருப்பது. அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு யார் மிக அருகில் இருக்கிறாரோ அலை அவருடையது, மற்றவர் விட்டுக்கொடுக்க வேண்டும். பெங்களூரு சில்க் போர்டு ஜங்ஷன் சிக்னலில் நாம் ஓட்டுகிற மாதிரி இடுக்கில் நுழைந்தால் தண்ணீருக்குள் திட்டு விழும். அதில் நியாயமும் உண்டு, ஏனென்றால் அந்த நுழைவில் ஒருவர் பல்லை இழக்கலாம்.

அறுகம் குடாவே வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு இலங்கையில் மிகவும் பிடித்த கரை அது. பக்கத்து ஊரான பொத்துவிலில் தமிழ் பேசிக்கொண்டே ஆட்டோ பிடிக்கலாம், சாப்பாடு சொல்லலாம். தெற்கே ஒகந்தையில் அலையும் இருக்கிறது, முருகன் கோவிலும் இருக்கிறது, கதிர்காமத்துக்கு நடந்து போகிறவர்கள் அந்த வழியாகத்தான் காட்டுக்குள் இறங்குகிறார்கள். மெயின் பாயின்ட் என்பது பாறைத் தரை மேல் நீளமாக வலப்பக்கம் ஓடும் அலை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நல்ல கூட்டம், நல்ல வேகம். அதன் உள்பக்கமாக, குடாவுக்குள் இருக்கும் பேபி பாயின்ட் புதியவர்களுக்கு. வடக்கே விஸ்கி பாயின்ட், தெற்கே எலிஃபன்ட் ராக், பீனட் ஃபார்ம் எல்லாம் நடுவில் இருப்பவர்களுக்குச் சரியான பள்ளிக்கூடம். பச்சை அலையில் முதல் திருப்பத்தைப் பழக வேண்டுமென்றால் நான் விஸ்கி பாயின்ட்டைத்தான் சொல்வேன். ஒரு எச்சரிக்கை: இந்தக் கரைகளின் பின்னால் இருக்கும் களப்புகளில், அதாவது காயல்களில், முதலை உண்டு. 2017இல் எலிஃபன்ட் ராக் பக்கம் ஒரு பிரித்தானியர் அப்படி இறந்தார். உப்பைக் கழுவலாம் என்று களப்பில் கால் வைக்காதீர்கள்.

இன்னொரு விஷயம், யாரும் சொல்வதில்லை. கிழக்குக் கரை அலைகள் பெரும்பாலும் வலப்பக்கம் ஓடுபவை. இடது காலை முன்னே வைத்து நிற்பவர்களுக்கு அலை தங்கள் முகத்துக்கு நேரே இருக்கும். வலது காலை முன்னே வைப்பவர்கள் அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டே போக வேண்டும், ஆரம்பத்தில் அது கடினம். நீங்கள் இரண்டாவது வகை என்றால் தெற்கிலேயே இன்னொரு சீசன் இருந்து, இடப்பக்கம் ஓடும் அலைகளில் பழகிவிட்டுக் கிழக்கே போகலாம்.

முன்னறிவிப்பு பார்க்கும்போது எல்லோரும் உயரத்தை மட்டும் பார்க்கிறார்கள். அலைக்கும் அலைக்கும் நடுவில் எத்தனை வினாடி என்று பாருங்கள். மூன்று அடி, 8 வினாடி என்றால் அருகிலுள்ள காற்று கிளப்பிய சில்லறை அலை. அதே மூன்று அடி, 15 வினாடி என்றால் தெற்கே வெகுதூரத்துப் புயல் அனுப்பியது, கரையில் எழும்பும்போது எதிர்பார்த்ததைவிடப் பெரிதாக நிற்கும். வானம் நிர்மலமாக இருக்கும், காற்றே இருக்காது, ஆனாலும் கடல் ஏறி வரும். கேரளத்தில் கள்ளக்கடல் என்கிறார்களே, அதுவும் இந்த வகைதான். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை கொண்டுபோனதும் அப்படிப்பட்ட நாட்களில்தான். கற்றுக்கொள்கிறவர்கள் 15 வினாடி என்று பார்த்தால் அன்று பாறைப் பக்கம் போகாமல் வளைகுடாவுக்குள்ளேயே இருப்பது நல்லது.

பாலி போகிறவர்களுக்கும் கேள்விகள் இதேதான், ஒன்று கூடும்: ஓதம், அதாவது கடல் மட்டம் ஏறி இறங்குவது. இலங்கையில் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்கும் குறைவு, பாலியில் இரண்டு மீட்டரைத் தாண்டும். காலையில் நன்றாக இருந்த பாறை அலை மதியம் முழங்கால் தண்ணீரில் உடையும். அங்கே மணல் தரையுள்ள குட்டா பீச்சில் தொடங்குங்கள். பாறைத் தரை அலையான உலுவாட்டுவைப் பாறை மேலிருந்து காபி குடித்துக்கொண்டு பார்ப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பெங்களூருவிலிருந்து கடல் எட்டாத தூரம் என்று ஒரு புலம்பல் உண்டு. அப்பார்ட்மென்ட் நீச்சல் குளம் இருக்கிறதே. சர்ஃபிங்கில் நிற்கும் நேரம் ரொம்பக் கொஞ்சம், மீதி நேரமெல்லாம் கையால் தண்ணீரைத் தள்ளுவதுதான். தோள் வலுவில்லாமல் போனால் இரண்டாம் நாளே கை தூக்க முடியாமல் என் கணவரோடு கடையில் உட்கார்ந்து கொத்து ரொட்டி சாப்பிட வேண்டியதுதான். அவர் அதற்காக மட்டுமே வருகிறார்.

போர்டை விமானத்தில் தூக்கிக்கொண்டு போகாதீர்கள், வாடகைக்கு அங்கேயே எல்லா அளவிலும் கிடைக்கும். முதல் முறை என்றால் எட்டு, ஒன்பது அடி மெத்தைப் போர்டு. போர்டைக் காலோடு கட்டும் லீஷ் கயிற்றில் விரிசல் இருக்கிறதா என்று இழுத்துப் பாருங்கள், போர்டின் அடியில் இருக்கும் துடுப்பு மாதிரியான ஃபின் ஆடுகிறதா பாருங்கள். முழுக்கை லைக்ரா சட்டை அவசியம். டிசம்பரில் போகிறவர்கள் மாதத்தையும் உங்களுக்கு என்ன வரும் என்பதையும் கமென்டில் எழுதுங்கள், எந்தக் கரை என்று சொல்கிறேன். "நான் இன்டர்மீடியட்" என்று மட்டும் எழுதினால் மேலே அந்தத் தம்பியிடம் கேட்டதையே உங்களிடமும் கேட்பேன்.