அந்த வீடியோவில் வைரஸைக் காணோம்

மூன்று நாளாகச் சுற்றும் வீடியோ எது என்று உங்களுக்கே தெரியும். அதை இங்கே போட்டு அந்த மனிதருக்கு இன்னும் நாலு பேரைச் சேர்த்துவிட எனக்கு விருப்பமில்லை. "எச்.ஐ.வி. மாத்திரை வயிற்றுப் பிள்ளையின் மைட்டோகாண்ட்ரியாவை அழித்துவிடும், தாய்மார்களே யோசியுங்கள்" என்கிறார். அதாவது, செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் பாகத்தை. யோசித்தேன் ஐயா. 14 வருடத்துக்கு முன்பே, வயிற்றில் பிள்ளையோடு உட்கார்ந்து யோசித்தேன்.

முழுப் பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். இது பாதி உண்மை. ஜிடோவுடின் மாதிரியான எச்.ஐ.வி. மருந்து வைரஸிடம் ஒரு போலிச் சங்கிலிக் கண்ணியை நீட்டும். வைரஸ் தன் டி.என்.ஏ. சங்கிலியைக் கோக்கும்போது அதை வாங்கி மாட்டிக்கொள்ளும், அதற்கு மேல் சங்கிலி வளராது. நம் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் பாலிமரேஸ் காமா என்ற நொதியும் சில சமயம் அதே கண்ணியில் ஏமாறும். 1999இல் பிரான்சில், கருவிலேயே மருந்து பட்டு, ஆனால் தொற்று வராமல் பிறந்த 8 குழந்தைகளுக்கு மைட்டோகாண்ட்ரியா கோளாறு இருந்ததாக மருத்துவர்கள் எழுதினார்கள். அதில் 2 குழந்தைகள் இறந்துபோயின. நான் எதையும் மறைக்கவில்லை.

சரி, வைரஸ் எங்கே? அவ்வளவு நேரம் செல், செல் என்று பேசியவர், நோயை எதிர்க்கும் சிடி4 என்ற ரத்த வெள்ளைச் செல்லுக்குள் புகுந்து அதன் டி.என்.ஏ.விலேயே தன்னைச் செருகிக்கொள்ளும் வைரஸைப் பற்றி ஒரு வரி சொல்லவில்லை. தொற்று இருந்தும் மருந்தே எடுக்காதவர்களின் ரத்த செல்களிலும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. குறைந்திருப்பதை ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். அதற்கு எந்த மாத்திரையைத் திட்டுவார்? 1994இல் ஜிடோவுடினை மட்டும் கொடுத்தே குழந்தைக்குத் தொற்றுவது 25.5 சதவீதத்திலிருந்து 8.3 சதவீதமாக இறங்கியது. இன்று கருத்தரிக்கும் முன்பிருந்தே கூட்டு மருந்து எடுத்து வைரல் லோடை, அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவை, அடக்கி வைத்திருந்தால் 1 சதவீதத்துக்கும் கீழே.

எனக்கு ஜிடோவுடின் ஒத்துக்கொள்ளவில்லை. நகங்களில் கருநீலக் கோடுகள் ஓடின. ஹீமோகுளோபின் 7க்கு இறங்கி, மாடிப்படி ஏறினால் கண் இருட்டும். டாக்டர் மருந்தை மாற்றினார், நிறுத்தச் சொல்லவில்லை. மகன் பிறந்ததும் ஊசியில்லாத சிரிஞ்சில் தொற்றைத் தடுக்கும் நெவிரபின் சிரப் இழுத்து, கன்னத்தின் உட்பக்கமாகச் சொட்டுச் சொட்டாக விடுவேன். துப்பிவிட்டால் நான் அழுதுவிடுவேன். ஆறாவது வாரம் குதிகாலில் குத்தி அட்டையில் ரத்தப்பொட்டு எடுத்தார்கள். 18 மாதத்தில் கடைசி டெஸ்ட். நெகடிவ்.

"உன் பிள்ளை தப்பித்ததை வைத்து எல்லோருக்கும் சொல்வதா" என்று ஒருவர் வருவார். அதனால்தான் மேலே எண்களைப் போட்டேன், படியுங்கள். "மருந்துக் கம்பெனியின் ஆள்" என்பவருக்குப் பதில் கிடையாது. டோலுடெக்ராவிர் என்ற புதிய எச்.ஐ.வி. மருந்து பற்றிக் கேட்பது நியாயம். 2018இல் போட்ஸ்வானாவில், கருத்தரிக்கும்போதே அதை எடுத்துக்கொண்டிருந்த 426 பேரில் 4 பேரின் குழந்தைகளுக்கு முதுகுத்தண்டு, மூளை சார்ந்த பிறவிக்குறை என்றதும் உலகமே பதறியது. எண்ணிக்கை கூடக்கூட அந்த வித்தியாசம் கரைந்துபோனது. மறைத்தா விட்டார்கள்? எண்ணிக்கொண்டே இருந்தார்கள். இப்போது அதிகம் கொடுக்கும் டெனோஃபோவிரும் லாமிவுடினும் பாலிமரேஸ் காமாவை அவ்வளவாகத் தொடுவதுமில்லை.

அப்புறம் அந்த இன்னொரு கமென்ட். "இந்த நோயோடு பிள்ளை எதற்கு?" எழுபது லைக். அதில் மூன்று பேர் என் நண்பர்கள் பட்டியலில் இருக்கிறீர்கள், பார்த்தேன். எனக்கு இது எப்படி வந்தது என்று கேட்காத ஆளில்லை. யாரிடமிருந்து என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. செல்லைப் பற்றி எழுத வந்தேன், எங்கேயோ போகிறேன். போகட்டும்.

நேற்று இரவு ஒரு பெண் இன்பாக்ஸில் வந்தாள். ஏழாம் மாதம். வீடியோ பார்த்துவிட்டு இரண்டு நாளாக மாத்திரை போடவில்லையாம். "இன்றைக்கே போடும்மா, காலையில் டாக்டரைப் பார்" என்று எழுதினேன். பார்த்துவிட்டாள், பதில் இல்லை. அதற்கப்புறம் நான்கு முறை கூப்பிட்டுவிட்டேன்.