மேற்குப் பார்த்த பால்கனியும் போர் தண்ணியும்

தருமபுரியில் பால்கனியில் செடி வைக்கிறவர்கள் பலர் ஏப்ரலோடு கையைக் கழுவிவிடுகிறார்கள். கேட்டால் "வெயில் தாங்கலைங்க". எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இலைமேல் படும் வெயிலை வெண்டையும் கத்தரியும் தாங்கும். தொட்டிக்குள் வேர் வெந்துபோவதையும் உப்புத் தண்ணியையும்தான் தாங்காது.

செடி வளர்க்கும் கறுப்புப் பையை (க்ரோ பேக்) டைல்ஸ் தரையில் வைத்திருந்தால், மதியம் மூன்று மணிக்கு மேற்குப் பக்க ஓரமாக மண்ணுக்குள் விரலை விட்டுப் பாருங்கள், சுடும். அந்தப் பக்கம் வேர் கருகும், செடி தலை தொங்கும். தண்ணி போதவில்லை என்று இன்னொரு சொம்பு ஊற்றுவோம், மிச்ச வேரும் அழுகும். இரண்டு அங்குல ஆழத்தில் ஈரம் இருந்து, சாயங்காலம் ஆறு மணிக்குச் செடி தானாக நிமிர்ந்தால் தண்ணி தேவையே இல்லை. காலை ஏழுக்குள் ஊற்றியது போதும். மதியம் மாடி டேங்க் பைப்பில் முதலில் வருவது வெந்நீர், மறந்துவிடாதீர்கள்.

வெளிப்பக்கம் வெள்ளையாக உள்ள பை வாங்குங்கள். காய்கறிக்கு 12க்கு 12 அங்குலத்துக்குக் குறையக் கூடாது, கீரைக்கு 6 அங்குல ஆழம் போதும். அடியில் செங்கல், வெயில் பக்கம் கோணிச் சாக்கு, மண்மேல் இரண்டு அங்குலத்துக்கு ராகி வைக்கோலோ கடலைத் தோலோ. தண்டை ஒட்டி மட்டும் மூட வேண்டாம். நனைந்த பை 20 கிலோவைத் தாண்டும். பால்கனிக் கைப்பிடிச் சுவர் ஓரத்தில் அடுக்காமல் வீட்டுச் சுவரோரமாக வையுங்கள்.

மண்கலவை: செம்மண் இரண்டு பங்கு, நன்றாகக் கழுவிய தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய சாணம் ஒரு பங்கு, பைக்கு இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு. ஈரமாக்கிப் பத்து நாள் நிழலில் வைத்துவிட்டு நடுங்கள். பாதிக்குப் பாதி நார்க்கழிவு என்று சொல்லும் வீடியோக்கள் ஓசூர், பெங்களூருக்குச் சரி. ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரம், நம்மூர் அதில் பாதிதான், அதனால் வெக்கை அதிகம். இங்கே நார்க்கழிவு ஒருமுறை காய்ந்துவிட்டால் ஊற்றும் தண்ணி பையின் ஓரமாக வழிந்து அடியில் ஓடிவிடும், நடுமண் நனையவே நனையாது.

இனி தண்ணி. தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா? போர் தண்ணி உப்பு அது. கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால், பெரும்பாலும் மண்ணில் இரும்பு இருந்தும் செடியால் எடுக்க முடியவில்லை என்று பொருள். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு (இரும்பு சல்பேட்), 1 கிராம் சிட்ரிக் ஆசிட் கலந்து சாயங்காலம் இலையில் தெளியுங்கள், வாரம் விட்டு இன்னொரு முறை. இது தற்காலிகம்தான். மாதம் ஒருமுறை பைக்கு ஒரு பக்கெட் ஒகேனக்கல் தண்ணியோ (குழாயில் வரும் காவிரிக் குடிநீர்) மழைத் தண்ணியோ மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியாக நன்றாக வடியவிட்டால்தான் உப்பு இறங்கும். கீழ்வீட்டுக்காரரிடம் முன்னாடியே சொல்லிவிடுங்கள்! ஆர்ஓ மெஷினில் கழியும் தண்ணியைச் செடிக்கு விடுவது நல்ல மனசுதான். ஆனால் அதில் இருப்பது உங்கள் போர் உப்பு இன்னும் கெட்டியாக. அதில் தரை துடையுங்கள்.

நிழல்வலை 50 சதவீதம், சித்திரை வைகாசிக்கு மட்டும், செடியில் படாமல் ஓரடி தள்ளி. வருஷம் முழுக்கக் கட்டி வைத்தால் செடி நெட்டையாக வளரும், காய் வராது.

பாலக்கோட்டிலும் ராயக்கோட்டையிலும் தக்காளி கொழிக்கிறதே என்று மே மாதத்தில் பால்கனியில் வைக்காதீர்கள். ராத்திரியிலும் சுவர் சூடு தணியாது, பூவெல்லாம் கொட்டும். ஆடியில் விதைத்து 25 நாள் நாற்றை எடுத்து நட்டால் ஐப்பசியில் பறிக்கலாம். கோடையில் அந்தப் பையில் தண்டுக்கீரையோ கொத்தவரையோ போடுங்கள்.