எங்கட கல்வேலிக்குப் பெயர்ப்பலகை இல்லை

போன மாதம் யாழ்ப்பாணத்து நெடுந்தீவுக்குப் போய் வந்தேன். குறிகட்டுவானில் படகேறி ஒரு மணித்தியாலம் ஆடி அசைந்து மாவிலித்துறையில் கால் வைத்ததும் ஓட்டோக்காரத் தம்பி ஒருவர் வந்து கேட்டார்: "எல்லா இடமும் காட்டட்டோ அண்ணை? மூண்டு மணித்தியாலத்தில முடிச்சுப்போட்டுப் பின்னேரப் படகுக்கு விடுறன்."

அம்மாவின் ஊர் இது, அம்மம்மா வீட்டுக்குத்தான் வந்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லா இடமும் என்றால் எது எது என்று கேட்டேன். கைவிரலை மடக்கி மடக்கிச் சொன்னார்: பெருக்கமரம், மீகாமன் கோட்டை, புறாக்கூடு, குதிரை லாயம், இராணி கோபுரம், வளரும் கல், நேரம் இருந்தால் வெடியரசன் கோட்டை. ஏறிவிட்டேன். சொந்த ஊரைச் சுற்றுலாப் பயணியாகப் பார்ப்பதும் ஒரு அனுபவம்தானே.

அந்தப் பட்டியலில் பிழை சொல்ல மாட்டேன். ஆபிரிக்காவில் இருந்து அராபிய வணிகர்கள் கொண்டுவந்திருக்கலாம் என்று சொல்லப்படும் பெருக்கமரம், முருகைக்கல்லால், அதாவது பவளப்பாறைக் கல்லால், இரண்டு மாடியாக எழும்பி இன்று கடற்காற்றில் உதிர்ந்து கொண்டிருக்கும் கோட்டை, வைத்தியசாலை வளவுக்குள் நிற்கும் புறாக்கூடு, எல்லாமே பார்க்க வேண்டியவைதான். ஆனால் ஓட்டோவில் இருந்தபடி ஒன்றைக் கவனித்தேன். ஒரு இடத்தில் இருந்து அடுத்த இடத்துக்குப் போகிற வழி முழுக்க, இரண்டு பக்கமும், நெஞ்சளவு உயரத்துக்குக் கல்வேலி. முருகைக்கல்லை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய வேலி. சீமெந்து இல்லை, சுண்ணாம்பு இல்லை, மண்கூட இல்லை. தீவு முழுக்க ஓடுகிற இந்த வேலிதான் நெடுந்தீவின் மிகப் பெரிய கட்டடம். அது அந்தத் தம்பியின் பட்டியலில் இல்லை. உண்மையைச் சொன்னால் என்னுடைய பட்டியலிலும் இருந்ததில்லை. சின்ன வயதில் அதில் ஏறிக் குதித்து அம்மம்மாவிடம் அடி வாங்கியது மட்டும்தான் ஞாபகம்.

மூன்று மணித்தியாலம் முடிந்து, தம்பிக்குக் காசைக் கொடுத்துவிட்டு மாமா வீட்டுக்குப் போனேன். மாமா வளவின் மேற்குப் பக்கம் குந்தியிருந்தார். யாருடையதோ மாடு முதுகு தேய்த்து வேலியை இரண்டு முழத்துக்குச் சரித்துவிட்டிருந்தது. உள்ளங்கையில் சாக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு கல்லை எடுத்தார். முருகைக்கல் பார்க்கத்தான் பாரம். உடம்பெல்லாம் ஓட்டை என்பதால் தூக்கினால் எதிர்பார்த்ததை விட இலேசு. ஆனால் வெறுங்கையில் பத்துக் கல் தூக்கினால் தோல் உரிந்துவிடும். ஒரு கல்லை எடுத்து இரண்டு மூன்று தரம் திருப்பிப் பார்த்தார். வைத்தார். விரலால் தட்டினார். ஆடியது. எடுத்துக் கவிழ்த்து வைத்தார். இந்த முறை ஆடவில்லை. அடியில் அகலம், மேலே போகப் போக ஒடுக்கம். இடையில் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு ஓட்டைகள்.

"உதை அடைக்கிறேல்லையோ மாமா?"

"அடைச்சா விழுந்திடும். சோளகம் அடிக்கேக்க காத்துப் போக வழி வேணுமெல்லே, மருமோன்."

எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. மரம் அடர்த்தி இல்லாத, நாலு பக்கமும் கடல் உள்ள ஒரு தரைத் தீவில், வைகாசியில் தொடங்கி மாதக்கணக்கில் அடிக்கிற தென்மேல் காற்றுக்கு எதிராக நிற்பதற்கு எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த வழி இது: எதிர்த்து நிற்காதே, கொஞ்சத்தை உள்ளே விடு. மாடும் ஆடும் பயிருக்குள் இறங்காது, காற்றின் வேகம் குறையும், நிலத்தில் கிடந்த கல்லும் அகன்று தோட்டம் செய்ய இடம் கிடைக்கும்.

இந்தப் பதிவை எழுத வைத்தது இதுதான். இந்த வேலியைச் சட்டப்படி எப்படிப் பாதுகாப்பது என்று யோசித்தால் சிரிப்பு வரும். இலங்கையின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம். அதன்படி 1815 மார்ச் 2 ஆம் திகதிக்கு முற்பட்டதுதான் தொல்பொருள். பிந்தியதைப் பாதுகாக்க வேண்டும் என்றால் தனியே அறிவிக்க வேண்டும். ஏன் அந்தத் திகதி? கண்டி இராச்சியத்தை ஆங்கிலேயரிடம் கொடுத்த கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள் அது. யாழ்ப்பாண இராச்சியம் போர்த்துக்கேயரிடம் விழுந்தது 1619 இல். ஒல்லாந்தர் வந்தது 1658 இல். ஆங்கிலேயர் வந்தது 1795 இல். கண்டி விழுந்தபோது தீவகத்து ஆட்கள் மூன்றாவது அந்நியனுக்கு வரி கட்டி இருபது வருடம் ஆகிவிட்டது. எங்கள் பழசு எங்கே முடிகிறது என்பதற்கு மலைநாட்டின் நாட்காட்டி!

அதை விடுங்கள். மாமாவின் வேலிக்கு என்ன திகதி போடுவது? கல் எப்போது வெட்டியது என்று யாருக்கும் தெரியாது. வேலியோ போன மாதம் அடுக்கியது. அடுத்த வருடம் இன்னொரு மாடு சரிக்கும், திரும்ப அடுக்குவார்கள். நூறு வருடமாக ஒவ்வொரு வருடமும் புதிதாகிற ஒரு பழைய பொருளுக்குச் சட்டத்தில் இடம் இல்லை. கோட்டை அப்படி இல்லை. கட்டினார்கள், விட்டுவிட்டுப் போனார்கள், இடிகிறது. இடிகிற பொருளைப் பாதுகாக்க எல்லோருக்கும் தெரியும்: கம்பி வேலி போட்டு ஒரு பலகை நட்டால் சரி.

ஐரோப்பாவில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். கிரேக்கம், இத்தாலி, குரோசியா முதலிய எட்டு நாடுகள் சேர்ந்து விண்ணப்பித்து, சாந்து இல்லாமல் கல் அடுக்கும் கலையை 2018 இல் யுனெஸ்கோவின் அருவ மரபுப் பட்டியலில் சேர்த்தார்கள். பட்டியலில் ஏறியது வேலி இல்லை, அடுக்கத் தெரிந்த கை. அதே 2018 இல் இலங்கை சார்பில் ரூகட பொம்மலாட்டம் ஏறியது. 2021 இல் தும்பறைப் பாய் நெசவு. நல்ல விடயம், பொறாமை இல்லை. ஆனால் மாமாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அவருடைய பிள்ளைகள் மூன்று பேரும் கடல் கடந்த ஊரில். அந்தக் கையிடம் இருந்து யார் பழகப் போகிறார்கள்?

இனிச் சொல்லப் போவதுதான் சங்கடமான பகுதி. ஊரின் பழசை யார் அழிக்கிறார்கள் என்று கேட்டால் உடனே விரல் அரசாங்கத்தைக் காட்டும். யுத்தத்தைக் காட்டும். காட்டட்டும், காரணம் இருக்கிறது. 1985 மே 15 இல் குமுதினிப் படகில் நடந்த படுகொலையை நெடுந்தீவார் யாரும் மறக்கவில்லை. யுத்தத்துக்குப் பிறகு முல்லைத்தீவுக் குருந்தூர்மலையின் தொல்லியல், காணிச் சிக்கல் பற்றிய செய்திகளைப் படித்தவர்களுக்கு, தொல்லியல் என்ற சொல்லைக் கேட்டாலே காணி போய்விடுமோ என்ற பயம் வருகிறது. வெடியரசன் கோட்டை என்று நாங்கள் சொல்லும் இடத்தில் இருப்பவை முருகைக்கல்லால் ஆன வட்டமான அடித்தளங்கள். பௌத்தத் தூபிகள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி தேடி வந்த மீகாமனோடு வெடியரசன் போரிட்ட கதை எங்கள் வாய்வழிச் சொத்து. தமிழரிலும் ஒரு காலத்தில் பௌத்தர் இருந்தார்கள் என்பது வரலாறு. இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் என்ன கெட்டுப்போகும்? கெட்டுப்போகும் என்று இரண்டு தரப்பும் நினைக்கிறது. அதனால் அங்கே பலகை நடுவதே ஒரு அரசியல் ஆகிவிடுகிறது. எனக்கு இதில் ஒரே ஒரு நிலைப்பாடுதான்: இரண்டு கதையையும் எழுதுங்கள், மூன்று மொழியிலும் ஒரே மாதிரி எழுதுங்கள். அயல் தீவான நயினாதீவைப் பாருங்கள். 12 ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு அங்கே வைத்த கல்வெட்டு தமிழில் இருக்கிறது. யானையும் குதிரையும் ஏற்றிவரும் கப்பல் உடைந்தால் கால் பங்கு அரசுக்கு, முக்கால் பங்கு உடையவனுக்கு. சரக்குக் கப்பல் என்றால் பாதிக்குப் பாதி. சிங்கள அரசன், தமிழ் எழுத்து, பிறநாட்டு வியாபாரி, எல்லாம் ஒரே கல்லில். அந்தக் கல் எந்தக் கட்சிக்கும் உதவாது, அதனால்தான் எனக்கு அது பிடிக்கும்.

ஆனால் நான் சொல்ல வந்த சங்கடம் இது இல்லை. அம்மம்மா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோயில். பெயர் வேண்டாம். முருகைக்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, பனை வளை, பனைச் சிலாகை. நண்பகலிலும் உள்ளே குளிர்ச்சி. விளக்கு வைக்க ஒரு மாடம், புகை படிந்து கறுத்துப்போய் இருக்கும். சில வருடங்களுக்கு முன் புனருத்தாரணம் என்று வெளிநாட்டில் எல்லாம் காசு சேர்த்தார்கள். பெக்கோ இயந்திரம் ஒன்றைக் கடல் கடந்து கொண்டுவந்து அரை நாளில் இடித்தார்கள். இப்போது அங்கே கொங்கிறீற் மண்டபம், பளபளக்கும் தரைக்கல், பச்சையும் மஞ்சளும் அடித்த கோபுரம். மத்தியானம் உள்ளே நிற்க முடியாத வெக்கை. விளக்கு மாடக் கல் கிணற்றடியில் உடுப்புத் தோய்க்கிற கல்லாகக் கிடந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

இடித்தவர்களைத் திட்டலாம் என்றுதான் எழுதத் தொடங்கினேன். ஆனால் அந்த நிதிக்கு நானும் காசு அனுப்பினேன். ரசீது இன்னும் வீட்டில் இருக்கிறது. என்ன கட்டப் போகிறீர்கள், எதை இடிக்கப் போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோயில் காரியம், கேட்கலாமா என்ற கூச்சம். கேட்டிருந்தால் ஒருவேளை அந்த மாடமாவது மிஞ்சியிருக்கும்.

கல்வேலிக்கும் இதே கதிதான் நடக்கிறது. வளவுக்காரர் வெளிநாட்டில். வேலி சரிந்தால் அடுக்க ஆள் இல்லை, அடுக்கத் தெரிந்தவருக்குக் கூலி கொடுக்கிற பழக்கமும் இல்லை, ஏனென்றால் அது எப்போதும் வீட்டு வேலையாகவே இருந்தது. அதனால் தொலைபேசியிலேயே மதில் கட்டச் சொல்லிவிடுகிறார்கள். அப்புறம் வேலிக்கல் மதிலுக்கு அத்திவாரமாகப் போய்விடுகிறது. கட்டுகிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். தனியே இருக்கிற வயதான தாய்க்கு மதில் பாதுகாப்பு. "நீ வந்து படம் எடுத்துப்போட்டுப் போயிடுவாய், மாடு கலைக்கிறது நான்" என்று ஒரு பெரியம்மா முகத்துக்கு நேரே சொன்னா. பதில் சொல்ல முடியவில்லை.

ஆகவே இனிமேல் ஒரு கல்லையும் தொடாதே என்று ஊருக்குக் கட்டளை போடுகிற பதிவு இல்லை இது. ஆட்கள் வாழ்கிற தீவு. தண்ணீருக்குச் சாராப்பிட்டிக் கிணறுகளை நம்பி இருந்த தீவு. தென்புறத் தரவை வெளியில் திரியும் குதிரைகளுக்கே கோடையில் தண்ணீர் இல்லாமல் போகிறது. மனிதரை அருங்காட்சியகத்தில் வைக்க முடியாது. நான் கேட்பது சின்ன விடயங்கள். வேலி அடுக்கத் தெரிந்த நாலைந்து பேருக்கு, மேசனுக்குக் கொடுக்கிற அதே நாட்கூலியைக் கொடுத்து வேலை கொடுங்கள். கூடவே ஒரு இளம்பொடியனையும் உதவிக்கு விடுங்கள். கோயில் திருப்பணிக்குக் காசு அனுப்புகிறவர்கள், இடிக்கும் முன் நாலு பக்கமும் படம் எடுத்து அளவு குறித்து அனுப்பினால்தான் அடுத்த தவணை என்று சொல்லுங்கள். காசு கொடுப்பவன் சொன்னால் கேட்பார்கள். பிரதேச சபை வீதியை அகலிக்கும்போது வேலியைப் பின்னுக்கு நகர்த்தி அடுக்கலாம். கல்லைத் தூக்கிப் பள்ளம் நிரப்பத் தேவையில்லை.

அதற்கும் முன்னால் ஒன்று இருக்கிறது, அதற்குக் காசே தேவையில்லை: பெயர்கள். கோட்டைக்குப் பெயர் இருக்கிறது, ஆவணங்களில் இருக்கிறது. போர்த்துக்கேயர் இந்தத் தீவைப் பசுத்தீவு என்று எழுதி வைத்தார்கள், ஒல்லாந்தர் தங்கள் ஊர்ப் பெயரான டெல்ஃப்ட்டைச் சூட்டினார்கள், குதிரை வளர்த்த நோலன் என்ற ஆங்கிலேய அதிகாரியின் பெயர்கூட நிற்கிறது. ஆனால் சுமைதாங்கி, மாடு முதுகு தேய்க்கிற ஆவுரஞ்சிக்கல், கேணி, ஒழுங்கை, கிணறு, இவற்றுக்குப் பெயர் வைத்தவர்கள் எழுதி வைக்கவில்லை. சில பெயர்கள் பழைய காணி உறுதிகளில் எல்லையாக வருகின்றன: வடக்கே இன்ன கிணறு, கிழக்கே இன்னாருடைய கல்வேலி. உறுதி கொழும்பிலோ கிளிநொச்சியிலோ ஏதோ ஒரு பெட்டிக்குள் கிடக்கிறது. மற்றவை கிழவிகளின் வாயில்.

அதனால் அங்கே நின்ற இரண்டு நாளும் மாமாவுடன் ஒரு பள்ளிக்கூடக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தேன். கிணறு, கேணி, கல், மரம், எது கண்ணில் பட்டாலும் பெயர், பக்கத்து வளவு, யார் சொன்னது, இவ்வளவும் எழுதினேன். இதுவரை 41 பெயர்கள். நெடுந்தீவார் இதைப் படித்தால், உங்கள் வளவுக் கிணற்றின் பெயரை மட்டும் வீட்டில் கேட்டு எழுதுங்கள். அம்மாவிடம் கேட்காதீர்கள், அம்மம்மாவிடம் கேளுங்கள்.

42 ஆவது இன்னும் ஏறவில்லை. எங்கள் ஒழுங்கை முடக்கில் இருக்கிற கிணற்றை மாமா பூவரசங்கிணறு என்கிறார். அம்மாவோ அது சின்னாச்சி கிணறு, பூவரசு நின்றது அடுத்த வளவில் என்கிறா. நேற்று இரவும் இரண்டு பேரும் தொலைபேசியில் முக்கால் மணித்தியாலம் சண்டை. கொப்பியில் அந்த வரியைப் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.